மராக்கேஷின் ஜெமா எல்-ஃப்னா: கதை கேட்டு நின்ற இரவு

மொரோக்கோ நாட்டின் மராக்கேஷ் நகருக்குச் செல்பவர்கள் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனாலும் உணவுக் கடைகளையும் பாம்பாட்டிகளையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுபவர்களே அதிகம் என்பதால், அங்கே ஒரு கதைசொல்லியின் முன் நின்ற அனுபவத்தைப் பகிர விரும்புகிறேன்.

பகலில் ஆரஞ்சுச் சாறு விற்கும் வண்டிகளும் மருதாணி இடும் பெண்களுமாகக் கிடக்கும் அந்தப் பரந்த வெளியில், வெயில் தாழ்ந்ததும் இரும்புச் சட்டங்களும் பலகைகளும் வந்திறங்கி, எண்ணிட்ட கடைகள் வரிசையாக எழுந்துவிடுகின்றன. நத்தைச் சூப்பின் ஆவிக்கும் கரிப்புகைக்கும் நடுவே க்னாவா எனும் மரபிசைக் கலைஞர்கள் இரும்புத் தாளங்களைத் தட்டியபடி, தொப்பியின் குஞ்சம் வட்டமாகச் சுழலும்படி தலையை ஆட்டுகிறார்கள்.

சற்றுத் தள்ளி, உள்ளூர்க்காரர்கள் ‘ஹல்கா’ என்று அழைக்கும் வட்டமொன்றில் ஒரு முதியவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசிய மொரோக்கோ அரபி எனக்கு விளங்கவில்லை; பக்கத்தில் நின்ற இளைஞர்தான் அவ்வப்போது ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். கதாநாயகன் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் கட்டத்தில் கதையைச் சட்டென்று நிறுத்திய முதியவர், கூட்டத்தைச் சுற்றி வந்து நாணயங்களைப் பெற்றுக்கொண்ட பிறகே தொடர்ந்தார். ஒருவரும் நகரவில்லை.

11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவித்து அரச மரபினர் நிறுவிய இந்நகரில், ஒரு காலத்தில் மரண தண்டனைகளும் இதே சதுக்கத்தில்தான் நிறைவேற்றப்பட்டன. இங்கு நெடுங்காலம் வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ இதன் வாய்மொழி மரபைக் காக்கக் குரல் கொடுத்தார். 2001-இல் யுனெஸ்கோ முதன்முறையாக அறிவித்த 19 வாய்மொழி மற்றும் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களில் கேரளத்தின் கூடியாட்டத்தோடு இச்சதுக்கத்தின் பண்பாட்டு வெளியும் இடம்பெற்றது. சதுக்கத்தை நோக்கிய உணவகமொன்றில் 2011 ஏப்ரலில் குண்டு வெடித்து 17 பேர் உயிரிழந்தனர்; 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தில் இங்குள்ள சிறிய பள்ளிவாசலின் மினாரா சரிந்தது. இரண்டு துயரங்களுக்குப் பிறகும் கூட்டம் திரும்பி வந்தது.

கதைசொல்லிகள்தாம் குறைந்துவருகிறார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலோடு ஒரு முதியவரின் குரல் எவ்வளவு நேரம்தான் போட்டியிட முடியும்? மூத்தவர்களிடம் இக்கலையைப் பயிலும் இளைஞர்கள் சிலர் இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. செல்பவர்கள், மொழி புரியாவிட்டாலும், ஒரு கதை முடியும் வரை வட்டத்தில் நில்லுங்கள். அவர் கையை நீட்டும்போது சில திர்ஹம்களைத் தயங்காமல் கொடுங்கள்.