அந்தமானில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு எங்கெல்லாம் போகலாம்?

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம், பெங்களூரு போய் விமானம் ஏறுகிறோம். போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. ஒகேனக்கல் பரிசலைத் தாண்டி பெரிய தண்ணீரையே பார்க்காதவர், அவருக்குக் கடலை ஆசை தீரக் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பயணமே. ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரை கட்டாயம் உண்டு. நீல் தீவில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் போக வேண்டும், வழியெல்லாம் பாறை என்கிறார்கள், அம்மாவால் முடியுமா? பாராடங் சுண்ணாம்புக் குகைக்கு விடியுமுன்பே கிளம்பி, ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டு வழியாக வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டுமாம், அப்புறம் படகு, அப்புறம் நடை. அதை விட்டுவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பையன் விடமாட்டேன் என்கிறான்.

அவனுக்கு ஸ்கூபாவும் (மூச்சுக் கருவியோடு கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது) செய்ய வேண்டும். நீச்சல் தெரியாது. பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு இறங்குவார் என்றாலும் எனக்குப் பயம்தான். ஹேவ்லாக்கில் செய்வது நல்லதா, நார்த் பே கடற்கரையே போதுமா?

செல்லுலார் சிறைக்கு எந்த நாள் விடுமுறை என்று தெரியவில்லை, அந்தமானில் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், அதனால் எந்த நாளில் எதை வைப்பது என்றே குழப்பம். சிறையின் ஒலி ஒளிக் காட்சிக்கு முன்பதிவு அவசியமா? கப்பலில் அம்மாவுக்குக் குமட்டல் வராமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.