பருத்திக் களைக்கு மருந்து மட்டும் போதுமா, மூடுபயிரும் வேண்டுமா?

கரிசல்காட்டான்: களைக்கொல்லி தாங்குற பருத்தி விதைன்னு பக்கத்து ஊர்ல மறைவா விக்கிறாங்க. அரசு அனுமதி இல்லாத விதைன்னு தெரியும். ஆனா போன வருஷம் ரெண்டு கைக்களைக்கே கையில இருந்த காசு போயிருச்சு, ஆளும் கிடைக்கல. கிளைபோசேட்ங்கிற களைக்கொல்லியை மேலாக்க அடிச்சா களை மட்டும் சாகும்ங்கிறாங்க. இதுல என்ன தப்பு?

ஜார்ஜியாவிலிருந்து: அவசரப்படாதீங்க அண்ணே. நான் இருக்கிற அமெரிக்கத் தென்பகுதியிலயும் இதையேதான் சொன்னாங்க. வருஷா வருஷம் அதே மருந்தை மட்டும் அடிச்சாங்க. 2005 வாக்குல கிளைபோசேட்டுக்குச் சாகாத பாமர் அமராந்த்ங்கிற களை ஜார்ஜியாவில உறுதியாச்சு. நம்ம முள்ளுக்கீரை இனம்தான். ஆண் செடி வேற, பெண் செடி வேற. எதிர்ப்புக் குணம் மகரந்தத்தோட காத்துல அடுத்த காட்டுக்கும் போயிரும். ஒரு பெண் செடி லட்சக்கணக்குல விதை கொட்டும். கடைசியில மருந்து அடிச்ச காட்டுலயே ஆள் விட்டுப் பிடுங்க வேண்டியதாச்சு.

கரிசல்காட்டான்: சரி தம்பி, அதுக்கு அவங்க என்ன வழி கண்டாங்க?

ஜார்ஜியாவிலிருந்து: மூடுபயிரா, அதாவது மண்ணை மூடிக் களையை அமுக்குற பயிரா, குளிர்காலத்துல ரை தானியத்தை விதைச்சு, பூக்கிற பருவத்துல உருளையால சாய்ச்சு, களைக்கொல்லியும் அடிச்சுக் காயவிட்டு, அந்த மெத்தைக்குள்ளயே பருத்தி போடறாங்க. அமராந்த் விதை பொடி விதை, வெளிச்சம் படாட்டி முளைப்பு குறையும். ஆனா ஹெக்டேருக்கு 8 டன் அளவு உலர்ந்த தழை இருந்தாத்தான் நம்பிக்கையா அமுங்கும். அதுவும் முதல் சில வாரத்துக்குத்தான். அதுக்கப்புறம் வேற வேற வகை மருந்து தேவைப்படுது.

மானாவாரிக்காரன்: நான் இதை ஒத்துக்க மாட்டேன். அங்க குளிர்காலத்துல மழை உண்டு. நம்ம கரிசலுக்கு ஐப்பசி மழைதான் உயிர். பருத்திக்கு முந்தி கோடையில எதை வளர்த்து 8 டன் தழை எடுக்கிறது? இருக்கிற ஈரத்தையும் மூடுபயிர் குடிச்சுட்டா பருத்தி எதை நம்பி முளைக்கும்?

ஜார்ஜியாவிலிருந்து: ஈரத்தைப் பத்தி நீங்க சொல்றது சரி. தழை மெத்தையில விதை மண்ணோட ஒட்டாம முளைப்பு கெட்ட காடுகளும் உண்டு. ரை நமக்கு ஆகாது. ஆனா ஒரே மருந்தை நம்பி ஏமாந்த பாடம் எந்த மண்ணுக்கும் பொருந்தும். இந்தியாவிலயே பஞ்சாப், ஹரியானா கோதுமைக் காட்டுல ஐசோபுரோட்டுரான்ங்கிற களைக்கொல்லியை மட்டும் அடிச்சு, 1990களின் தொடக்கத்துலயே ஒரு புல்லுக்களை அதுக்குச் சாகாம நின்னுச்சு.

மானாவாரிக்காரன்: அப்போ நம்ம மூடுபயிர் உளுந்துதான். பருத்தி வரிசைக்கு நடுவுல போட்டா இடைவெளி மூடும், தண்ணியும் தனியாக் கேட்காது. விதைச்ச மூணு நாளுக்குள்ள மண்ணு ஈரமா இருக்கும்போது களை முளைக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிற பெண்டிமெத்தலின் மருந்தை அடிச்சா அது பருத்திக்கும் உளுந்துக்கும் ஒத்துக்கும். கிளைபோசேட் அடிச்சா உளுந்தும் கருகிரும் அண்ணே, அதை யோசிச்சீங்களா?

கரிசல்காட்டான்: அதை நினைக்கவே இல்ல. ஆனா பெண்டிமெத்தலின் அடிச்சும் போன வருஷம் சாரணைக் களை தப்பி வந்துச்சே?

மானாவாரிக்காரன்: அடிக்கும்போது மண்ணு காஞ்சிருந்ததா? மருந்து மண்ணுல படர ஈரம் வேணும். அப்படியும் தப்புறதை 35 நாளுக்குள்ள ஒரு கைக்களையில எடுத்துரணும், பூத்து விதை கொட்ட விடாதீங்க. ரெண்டு கைக்களைக்குப் பதில் ஒண்ணு, அவ்வளவுதான் என் கணக்கு.

கரிசல்காட்டான்: ஒரு கைக்களைக்கு ஆள் பிடிச்சுரலாம். அந்த விதைக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிர்றேன். ரெண்டு ஏக்கர்ல உளுந்து போட்டுப் பார்க்கிறேன். பருத்தி வரிசைக்கு எவ்வளவு இடைவெளி விடலாம், சொல்லுங்க.