மருந்தகப் பணியாளர்களுக்கு மாதாந்திர வகுப்பு: எதில் தொடங்கலாம்?

காரைக்குடியில் சின்ன மருத்துவமனை. மருந்தாளுநர், டெக்னீஷியன் எல்லோருக்கும் மாதம் அரைமணி வகுப்பு. முதல் தலைப்பு சொல்லுங்களேன்.

பதில் 1: பொட்டாசியம் குளோரைடுதான் சார், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் ஏற்றும் மருந்து. 15 சதவீத ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி), 10 மி.லி.யில் 20 மில்லிஈக்விவலென்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). நீர்க்காமல் நேரே ரத்தக்குழாயில் போட்டால் இதயம் நின்றுவிடும். ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல் பக்கத்தில் அடுக்கவே கூடாது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பதில் 2: கலக்குவதையும் காட்டுங்க. தொங்குற சலைனில் அப்படியே ஏற்றினால் கனமான மருந்து அடியில் தங்கி, முதலில் அதுதான் உள்ளே போகும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, சொட்டுநீலம் கலந்த உப்புக்கரைசலைச் சிரிஞ்சால் மெதுவா விடுங்க. நீலம் அடியில் படிவது பளிச்சுனு தெரியும். பாட்டிலை இறக்கி, சேர்த்து, 10 தடவை கவிழ்த்துக் கலக்கிட்டுத்தான் மாட்டணும்.

பதில் 3: அடுத்த மாதம் இன்சுலின். 2–8 டிகிரி செல்சியஸில் வைக்கணும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகினாலும் குப்பைதான்.