மறு: ஸ்கஃபோல்டிங் என்பதற்குத் தமிழ் – சாரம் கட்டுதல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கற்பவருக்குத் தேவையான அளவு உதவி தந்து, அவர் தேறத் தேற அதை விலக்கிக்கொள்வதைக் கல்வியியலில் ஸ்கஃபோல்டிங் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் கொழுகொம்பு, ஊன்றுகோல், முட்டுக்கொடுத்தல், படிநிலை உதவி, சாரம் என்று பல சொற்கள் வந்துவிட்டன. என் வாக்கு சாரத்துக்கு. ஆனால் வெறும் 'சாரம்' வேண்டாம். 'சாரம் கட்டுதல்' என்றும், அதன் இணையாகச் 'சாரம் பிரித்தல்' என்றும் இரண்டையும் ஒன்றாக நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இது விகோட்ஸ்கியின் சொல்தானே? ரஷ்ய மூலத்தைப் பார்த்தே தமிழாக்கிவிடலாமே.

இல்லை ஐயா. ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி 1934இல், 37 வயதில் காசநோயால் இறந்தார். இந்தச் சொல்லைக் கற்றல் ஆய்வில் நிலைக்க வைத்தது 1976இல் டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை. பிறகு வந்தவர்கள்தாம் இதையும் விகோட்ஸ்கியின் கருத்தையும் ஒன்றோடொன்று இணைத்தார்கள். எனவே சொல்லின் பொருளை அந்த 1976 ஆய்விலேயே தேடுவதுதான் சரி.

அந்த ஆய்வில் 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர். ஆளுக்கு 21 மரக்கட்டைகள். குமிழும் குழியும் பொருந்தும்படி இரண்டிரண்டாகச் சேர்த்து, இணைகளைப் பூட்டி அடுக்கடுக்காக ஏற்றினால் ஒரு கூம்புக் கோபுரம் வரும். முதலில் குழந்தையைக் கட்டைகளோடு இஷ்டம்போல் விளையாட விட்டார்கள். அப்புறம் சொல்லிக்கொடுப்பவர் உள்ளே வந்தார். அவருக்கு இருந்த விதி எளிமையானது: குழந்தை தானாகச் செய்யக்கூடியதை அதுவே செய்யட்டும், தடுமாறினால் முதலில் வாயால் சொல், அதுவும் போதாவிட்டால் கையால் செய்து காட்டு.

விளைவுதான் நமக்கு முக்கியம். 3 வயதுக் குழந்தைகள் சொல்வதைப் பெரும்பாலும் காதில் வாங்கவே இல்லை. அவர்களை வேலைக்குள் இழுத்து வைத்திருப்பதே சொல்லிக்கொடுப்பவருக்குப் பெரும்பாடு. ஆனால் சரியாகப் பொருந்திய இணை எது என்று கண்டுகொள்வதில் அவர்கள் பெரிய குழந்தைகளுக்கு அதிகம் பின்தங்கவில்லை. செய்யத் தெரிவதற்கு முன்பே, எது சரி என்று தெரிந்துவிடுகிறது! 4 வயதுக்காரர்களுக்கு 'இதைப் பார், எங்கே பொருந்தவில்லை?' என்ற வகைச் சொல் போதுமானதாக இருந்தது. 5 வயதுக்காரர்கள் தாங்களே கட்டிவிட்டுச் சரிதானா என்று மட்டும் கேட்டார்கள். கட்டைகளும் கோபுரமும் எல்லோருக்கும் ஒன்றுதான். மாறியது உதவி.

இதை வைத்துக்கொண்டு சொற்களைப் பார்க்கலாம்.

> கொழுகொம்பு அழகான சொல். சங்கத் தமிழின் மணம் இருக்கிறது.

எனக்கும் மிகவும் பிடித்த சொல். ஆனால் கொடி கொழுகொம்பை விட்டுவிட்டு நிற்காது. கொம்பைப் பிடுங்கினால் கொடி கீழே விழும். நாம் பேசும் உதவியோ விலக்குவதற்காகவே தரப்படுவது. ஊன்றுகோலுக்கும் இதே தடைதான், கூடவே 'இயலாதவர்' என்ற சாயல் வேறு ஏறிக்கொள்கிறது. 'படிநிலை உதவி' தவறில்லை, ஆனால் உதவி கூடுவதா குறைவதா என்று அது சொல்வதில்லை.

முட்டுக்கொடுத்தல் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதுவும் கட்டுமானத் தொழிலின் சொல், அதுவும் பிறகு எடுக்கப்படுவது. ஒரு வீடு கட்டும் இடத்தில் நின்று பாருங்கள். தளத்துக்குக் கான்கிரீட் போட்டதும் அடியில் முட்டு நிற்கும். அது தாங்குவது கட்டடத்தை. வெளிச்சுவர் ஓரமாகச் சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே கம்பு வைத்துக் கயிற்றால் இறுக்கிப் பலகை போட்டிருப்பார்கள், அதுதான் சாரம். அது தாங்குவது கொத்தனாரை. கை எட்டும் உயரம்வரை அவருக்குச் சாரம் தேவையில்லை. எட்டாத இடம் வந்ததும் கட்டுகிறார்கள், சுவர் ஏற ஏறச் சாரமும் ஏறுகிறது. கடைசியில் பூச்சு வேலை மேலிருந்து கீழே இறங்கும்போது, முடிந்த உயரத்தில் சாரத்தைப் பிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

குழந்தையைச் சுவராக நினைத்தால் முட்டு என்போம். கொத்தனாராக நினைத்தால்தான் சாரம் என்போம். இந்த உருவகம் குழந்தையைச் செயலற்ற கட்டடமாக்கிவிடுகிறது என்று கல்வியாளர்கள் சிலர் குறை சொல்வதுண்டு. நம் வேலைத்தளப் பேச்சிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. கோபுரத்தைக் கட்டுவது குழந்தையின் கை, ஆசிரியர் தருவது நிற்க ஓர் இடம்.

'பிரித்தல்' ஏன் வேண்டும் என்றால், 1989இல் ஆலன் காலின்ஸ், ஜான் சீலி பிரவுன், சூசன் நியூமன் மூவரும் தொழில் பழகுவதுபோல் பாடம் பழகுவது பற்றி எழுதியபோது, உதவியைச் சிறிது சிறிதாக விலக்குவதை ஃபேடிங் என்று தனியாகப் பெயரிட்டார்கள். இதை 'மங்குதல்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மங்குவது தானாக நடப்பது. இதுவோ ஆசிரியர் குழந்தையைக் கவனித்துச் செய்யும் வேலை. எப்போது எந்தக் கம்பை அவிழ்ப்பது என்பதில்தான் திறமையே இருக்கிறது. ஆகவே, சாரம் பிரித்தல்.

> எங்கட பக்கம் சாரம் எண்டால் உடுக்கிறது. 'ஆசிரியர் சாரம் கட்டினார்' எண்டு எழுதினால் பிள்ளைகள் என்ன நினைக்கும்?

இலங்கை அக்கா சொல்வது நியாயமான தடை, தள்ளிவிட முடியாது. இங்கேயும் 'பாடத்தின் சாரம்' என்றால் பிழிவு என்றுதான் பொருள், 'கற்றல் சாரம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அதனால் பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் 'சாரக்கட்டு' என்றே எழுதலாம். இலங்கைப் பாடநூல்களுக்குச் 'சாரக்கட்டு அமைத்தல்', 'சாரக்கட்டைப் பிரித்தல்' என்று மாற்று வடிவத்தையும் பக்கத்திலேயே தரலாம். இரு கரையிலும் செல்லாத சொல்லைப் பட்டியலில் ஏற்ற எனக்கு மனமில்லை.

விகோட்ஸ்கி பெயர் வந்ததால் இன்னொன்று. குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில் உள்ளதை அவர் ஸோன் ஆஃப் ப்ராக்ஸிமல் டெவலப்மென்ட் என்றார், அதை நாம் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்கிறோம். 'அண்மை' தூரத்தை மட்டும் சொல்கிறது, அல்லது 'அண்மையில் நடந்தது' என்று கடந்த காலத்துக்குப் போய்விடுகிறது. அவர் சொன்ன எடுத்துக்காட்டு இது: மனவயது 8 என்று அளவிடப்பட்ட, அதாவது தனியாக 8 வயதுக்கான கணக்குகளைப் போடக்கூடிய இரண்டு குழந்தைகள். சிறு உதவி தந்தால் ஒன்று 12 வயதுக்கான கணக்குவரை போகிறது, மற்றது 9 வயதுக்கானதோடு நின்றுவிடுகிறது. தனியாகச் செய்யும்போது இருவரும் சமம், அடுத்து எட்டக்கூடியதில் சமமில்லை. இன்று துணையோடு செய்வதை நாளை தனியாகச் செய்யும் என்பதுதான் அவர் வாதம். 'அடுத்த வீடு', 'அடுத்த வாரம்' இரண்டிலும் நாம் ஒரே சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம்? பக்கம், வருவது இரண்டும் அதற்குள் இருக்கின்றன. 'அடுத்த வளர்ச்சி வெளி' என்று முன்மொழிகிறேன். மண்டலம் என்றால் ஏதோ நிர்வாகப் பிரிவுபோல் ஒலிக்கிறது, ஆனால் அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

1976 கட்டுரை சொல்லிக்கொடுப்பவரின் வேலைகளை ஆறாகப் பிரிக்கிறது. ஆர்வமூட்டி வேலைக்குள் கொண்டுவருதல், இலக்கு தவறாமல் பார்த்துக்கொள்ளுதல், முக்கியமான கூறைச் சுட்டுதல், விரக்தியைத் தணித்தல், செய்து காட்டுதல் ஆகிய ஐந்துக்கும் சிரமமில்லை. மீதியுள்ள ஒன்று, குழந்தை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து வேலையை எளிதாக்குவது. மூலத்தில் இதற்கு 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்ற தொடர் வருகிறது. புள்ளியியல் கலைச்சொல் பட்டியலில் இந்தத் தொடருக்கு உள்ள சொல்லை அப்படியே எடுத்துப் போட்டால் ஆசிரியர்களுக்கு ஒன்றும் விளங்காது. இப்போதைக்கு 'வேலையைச் சுருக்கித் தருதல்' என்று வைத்திருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் இதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே ஏற்றிவிடலாம்.