காகிதத்தில் ஓர் ஐந்திணைப் பூங்கா: எந்த விலங்கை எடுக்க, எதை விட?

பொருநைக்கரை:

வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவுல, கன்னடியன் கால்வாயை ஒட்டி 60 ஏக்கர் கையில இருக்குன்னு வச்சுக்கோங்க. நிலமும் கற்பனை, காசும் கற்பனை. விலங்கும் வெயிலும் மட்டும் நெசம்னு நெனச்சு ஒரு பூங்கா வரைஞ்சிக்கிட்டிருக்கேன். ஒரே விதி: நம்ம பக்கத்து இனம் மட்டும். சிங்கம், வரிக்குதிரை கெடையாது. திணைக்கு ஒண்ணா அஞ்சு பகுதி.

குறிஞ்சி: வரையாடு, சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), கருமந்தி, புலி.
முல்லை: வெளிமான், மிளா, காட்டுக்கோழி.
மருதம்: கூழைக்கடா, சங்குவளை நாரை, நீர்நாய்.
நெய்தல்: டால்பின், ஆவுளியா (கடல்பசு).
பாலை: ஒட்டகம், நட்சத்திர ஆமை, விசிறித்தொண்டை ஓணான்.

எதை வெட்டணும்? எது எதோட சேரும்? கூச்சப்படாம சொல்லுங்க.

தேரிமணல்:

ஒட்டகத்த எங்கவே பிடிச்சீரு? உம்ம விதிய நீரே மீறியாச்சு. முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமக் காஞ்சா அதுதான் பாலை. அதுக்குக் கருப்பொருளாச் செந்நாயும் பருந்தும் எருவைக் கழுகும் சொல்லியிருக்காங்க, ஒட்டகம் அந்தப் பட்டியல்ல இல்ல. நம்ம ஊருக்குன்னா குதிரைமொழித் தேரி மாதிரி செம்மணல் காடு, உடைமரம், பனை. (தேரி கடலோரம் இருக்கே, அது நெய்தல்தானேன்னு ஒரு புலவர் வருவாரு. வரட்டும்.)

என்னயக் கேட்டா இந்தப் பூங்காவுக்கு முகப்பே ஓணான் கூடுதான். புலி எந்த ஊர்லயும் இருக்கு. விசிறித்தொண்டை ஓணானுக்குன்னு ஒரு கூடு எங்க இருக்கு?

12 மீட்டருக்கு 8 மீட்டர் போதும். அடியில 15 செ.மீ. ஜல்லி, மேல வலைத்துணி, அதுக்கு மேல 30 செ.மீ. செம்மணல். சுவர் உள்பக்கம் வழவழன்னு 75 செ.மீ. உயரம், ஆள் நின்னு பாக்கிற பக்கம் மட்டும் கண்ணாடி. கூரைக்குக் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டீங்கன்னா கத முடிஞ்சது: வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர்ல ஒரு பகுதி உள்ள வராது, வைட்டமின் டி உண்டாகாது, சுண்ணாம்பு சேராம எலும்பு வளைஞ்சுபோகும். அரை அங்குல வலைதான் கூரை. வலை இல்லேன்னா காக்காயும் வல்லூறும் ஒரே வாரத்துல காலி பண்ணிரும். மயிலும் இதுங்களத் தின்னும், அதனால மயிலைச் சுத்தித் திரிய விடுற ஆசை இருந்தா வலைக்கு வெளியில வச்சுக்கோங்க.

ஆண் மூணுக்கு மேல வேண்டாம், பெண் ஏழெட்டு. ஒவ்வொரு ஆணும் ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு அது மேல ஏறித்தான் விசிறியை விரிக்கும். ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லு தெரியாத மாதிரி நடுவுல உடைக் கன்னோ மேடோ வேணும். தெரிஞ்சா ஒண்ணு ஓயாம மத்ததை விரட்டும், தோத்தது இரை எடுக்காது. தீனி எறும்பு, கரையான், சின்ன வெட்டுக்கிளி. பூச்சியோட நீளம் ஓணானோட ரெண்டு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தத் தாண்டக் கூடாது.

இன்னொண்ணு, இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. ஆள் நிக்கிற பாதைய மணல் மட்டத்துல போடாதீங்க. 80 செ.மீ. பள்ளமாத் தோண்டி இறக்குங்க. மேல இருந்து பாத்தா அது செம்மண்ணுல செம்மண்ணு. அது மட்டத்துல கண்ணு இருந்தாத்தான் விசிறி தெரியும். விசிறி காட்டுறதும் இனப்பெருக்கக் காலத்துல மட்டுந்தான். மத்த மாசம் வெறும் ஓணான்தான்னு பலகையில எழுதிப்போடுங்க.

ஆமையை இதுக்குள்ள விடாதீங்க, ஓணான் முட்டை வச்ச எடத்தையெல்லாம் உழுதுரும். பக்கத்துல தனித் தொட்டி. தீனிய மணல்ல போடாம பலகைக்கல்லு மேல வைங்க; மணலும் சேந்து உள்ள போனா குடல் அடைச்சுக்கும். புல்லு, செம்பருத்தி இலை, சப்பாத்திக்கள்ளி. சோறு, பருப்பு கூடவே கூடாது.

நெய்தலுக்கு டால்பின் போச்சு: கேளிக்கைக்கு டால்பின் காட்சியகம் வைக்கக் கூடாதுன்னு 2013-லயே மத்திய அரசு சொல்லியாச்சு. ஆவுளியா திங்கிறது கடற்புல்லு. அம்புட்டுப் புல்லு தினம் வீரவநல்லூருக்கு யாரு கொண்டாருவா? பாறைக்குட்டை ஒண்ணு வைங்க, உவரிக்கரையில இருக்கிற மாதிரி நண்டு, சிப்பி, பாறை மீன். பவளம், கடல் அட்டை, கடல்குதிரை மூணும் வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, தொடாதீங்க. தண்ணி ஆவியாகிக் கொறைஞ்சா நல்ல தண்ணி ஊத்தணும். கடல்தண்ணியே திரும்பத் திரும்ப ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும், உப்பு ஆவியாகாதுல்லா.

குளத்துமேடு:

மருதத்துக்கு மட்டும் சொல்றேன். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நல்ல ஜோடி. கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துல ஒரே மரத்துல ரெண்டும் கூடு கட்டும். 8 கூழைக்கடா, 12 நாரை, கூட ஒரு பத்து அரிவாள்மூக்கன். ஒத்தை ஜோடியா வாங்காதீங்க. இதெல்லாம் கூட்டமாக் கூடு கட்டுற பறவை, கூட்டம் இல்லேன்னா முட்டை வைக்கத் தயங்கும்.

குளம் 30 மீட்டருக்கு 20 மீட்டர், சராசரி ஆழம் 70 செ.மீ. ஒரு கரை நாரை நிக்கிற மாதிரி கணுக்கால் ஆழத்துல சரிவா வரணும். கொள்ளளவு 4,20,000 லிட்டர். கோடையில நாளைக்கு 8 மி.மீ. ஆவியாகுதுன்னு வச்சாக்கூட 600 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5,000 லிட்டர். பொருநைக்கரை, கால்வாயை ஒட்டி நிலம்னு சந்தோசப்படாதீங்க. பிசான நெல் அறுத்த பிறகு, கோடை கழிஞ்சு கார் நெல்லுக்குத் தொறக்கிற வரைக்கும் கால்வாய்ல தண்ணி வராது. உங்களுக்குத் தண்ணி அதிகம் வேணுங்கிறதும் அதே மாசங்கதான். ஆழ்துளைக் கிணறும், அழுக்கு படிய ஒரு தொட்டியும், சம்புப்புல் படுகையும் முதல்லயே வரைங்க. வெளியேத்துற தண்ணி வாழைக்குப் போகட்டும். எச்சம் கலந்த தண்ணிக்கு அதை விட நல்ல எடம் இல்ல.

அதே எச்சம் மரத்தைக் கொல்லும். கூண்டுக்குள்ள கருவேலம் நட்டா சில வருசத்துல கருகிரும். மரத்தை நெழலுக்கு மட்டும் நம்புங்க. கூடு கட்ட இரும்புக் கம்பத்துல வட்டத் தட்டு, தண்ணிக்கு மேல 3 மீட்டர் உயரத்துல, சுள்ளி தாராளமா. கூண்டு உயரம் 8 மீட்டராவது இருக்கட்டும். வலைக்கண்ணு ஓர் அங்குலம். பெருசா விட்டா காக்கா உள்ள பூந்து முட்டையத் தூக்கும்.

மீன் கணக்கு: கூழைக்கடாவுக்குத் தலைக்கு ஒரு கிலோ, நாரைக்கு அரைக் கிலோ, அரிவாள்மூக்கனுக்குக் கால் கிலோன்னு வச்சா நாளைக்கு 16, 17 கிலோ. ஜிலேபிக் கெண்டை, ஒரு சாண் நீளத்துக்கு மேல போகாம. ஐஸ்ல வச்ச மீன் மட்டுமே போட்டா வைட்டமின் பி1 கொறைஞ்சு பறவை தள்ளாடும். மாத்திரையை மீன் செவுளுக்குள்ள சொருகிக் குடுக்கணும்.

பொருநைக்கரை:

அண்ணாச்சிமாரே, டால்பினும் ஒட்டகமும் வெட்டியாச்சு. பள்ளப் பாதை வரைஞ்சாச்சு. குறிஞ்சிதான் இடிக்குது. வெளிமான்ல எத்தனை கிடா வைக்க?

வெடிப்பலா:

வரையாட்டைப் பட்டியல்ல இருந்து அடிங்க முதல்ல. 1,200 மீட்டருக்கு மேல, புல்லும் பாறையும் குளிர்காத்தும் உள்ள எடத்து உசுரு. வீரவநல்லூர் சித்திரை வெயில்ல அதை நிறுத்துறது பாவம். மெத்து மெத்துன்னு மண்ணு இருந்தா குளம்பும் தேயாம வளைஞ்சுரும்.

மந்தி ரெண்டுல ஒண்ணுதான். பாக்க ரெண்டும் கறுப்பா இருந்தாலும் வயிறு வேற. கருமந்தி இலை தின்னி. வயித்துக்குள்ள நொதிக்க வச்சுச் செரிக்கும். வாழைப்பழமும் சப்போட்டாவும் போட்டா வயிறு உப்பிச் சாகும். தலைக்கு ரெண்டு கிலோ பச்சை இலை, தினமும், அன்னைக்கே ஒடிச்சது: அரசு, அத்தி, ஆல், அகத்தின்னு மாத்தி மாத்தி. அதுக்குத் தனியா ஒரு தோப்பே போடணும். ஆள் கொறைவான பூங்காவுக்கு ஆகாது.

சோலைமந்தி எடுங்க. காட்டுல வெடிப்பலா மரத்துக் காயும் அத்தியும் பூச்சியும் தின்னு பழகினது, தீனி சமாளிச்சிரலாம். வண்டலூர்லயே வளர்க்கிறாங்க, அதனால சமவெளிச் சூடும் நெழல் இருந்தாத் தாங்கும். ஒரு ஆண், நாலஞ்சு பெண், குட்டிங்க. ரெண்டாவது ஆண் வளந்து வந்தா மாத்த ஒரு தனிக்கூடு இப்பவே வேணும். கடைப்பழம் காட்டுப்பழத்த விட இனிப்பு, அதனால தட்டுல பாதிக்கு மேல காய், கீரை. ஒரே எடத்துல கொட்டினா பெரிய ஆணும் அதுக்குப் பிடிச்ச பெண்ணும் மட்டுந்தான் தின்னும். எட்டுப் பத்து எடத்துல தொங்க விடுங்க. தண்ணி அகழி வச்சா உள்கரை சரிவா இருக்கணும், அதுல கயித்து வலையும் விரிக்கணும். செங்குத்தா விட்டா தவறி விழுற குட்டி ஏற முடியாது.

வெளிமான்: கிடா ஒண்ணு, பெட்டை எட்டுப் பத்து. மிச்சக் கிடாங்களைப் பெட்டை கண்ணுலயே படாத தனித் தொழுவத்துல சேத்து வச்சா ஓரளவு ஒத்துமையா இருக்கும். வேலி மூலையை வளைவாப் போடுங்க. மிரண்டு ஓடுற மான் சதுர மூலையில மாட்டிக் கழுத்தை ஒடிச்சுக்கும். புதுசா விட்ட முதல் மாசம் கம்பி வலையில பச்சைத் துணி கட்டணும், வலை அதுங்க கண்ணுக்குத் தெரியாது. மிளாவை இதோட சேக்காதீங்க, அதுக்கு நெழலும் சேத்துக் குட்டையும் வேணும்.

வாய்க்கால்கரை:

புலி இல்லாம யாரு டிக்கெட் எடுப்பா?

வெடிப்பலா:

வைங்க, கணக்கு போட்டுட்டு வைங்க. வளந்த புலி ரெண்டு வச்சா ஓயாமச் சேந்து இருக்காது, அதனால திறந்தவெளி ரெண்டு, இரவுக்கூடு நாலு. வேலி 5 மீட்டர், உச்சியில உள்பக்கம் சாய்ஞ்சு ஒண்ணரை மீட்டர். ஒவ்வொரு கூட்டுக்கும் ரெட்டைக் கதவு, ஒண்ணு பூட்டாம அடுத்தது தொறக்காத மாதிரி. தலைக்கு நாளைக்கு 8 முதல் 10 கிலோ இறைச்சி, வாரத்துல ஒரு நாள் பட்டினி.

அந்தக் காசுல பாதி போதும், மருதத்துல நீர்நாய்க் கூடு அமைஞ்சிரும். பகல்லயே ஓடியாடும், கூட்டம் நகராது. எல்லாரும் குளத்தைப் பெருசா வெட்டி நிலத்தைச் சுருக்கிருவாங்க. நிலந்தான் ரெண்டு மடங்கு வேணும்; உடம்பைத் தேச்சு உலர்த்த மணலும் காஞ்ச புல்லும் இல்லேன்னா ரோமம் ஊறி நிமோனியா வரும். வேலியை மண்ணுக்குள்ள 60 செ.மீ. இறக்கி உள்பக்கமா எல் வடிவுல மடக்குங்க, தோண்டும். மலை ஓடையில இருக்கிற சின்ன நகத்து நீர்நாயைத் தேர்ந்தெடுத்தா சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து தீனி போடணும். ஆத்து நீர்நாயே எடுங்க.

பொருநைக்கரை:

புலிக்கு வரைஞ்ச எடம் இனி நீர்நாய்க்கு. மணல் மேடு எந்தப் பக்கம் வரணும், காலை வெயில் பக்கமா, சாயங்கால வெயில் பக்கமா?

வெடிப்பலா:

காலை வெயில். மேக்கே புங்கமரம் நட்டுருங்க.