‘பாயிண்ட் பிளாங்க்’ மாதிரி படம், நாவல் தெரிந்தால் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. போன வாரம் 1967இல் வந்த ‘பாயிண்ட் பிளாங்க்’ பார்த்தேன், அதிலிருந்து வேறு எந்தப் படமும் ஒட்டவில்லை. கூட்டாளி சுட்டுப் போட்டுவிட்டுப் போக, எப்படியோ பிழைத்த லீ மார்வின் தன் பங்கு 93,000 டாலரைக் கேட்டு ஒரு குற்றக் கும்பலின் தலைகளை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். வேடிக்கை என்னவென்றால் அது ஏதோ கம்பெனி மாதிரி நடக்கிறது, ரொக்கமாக எடுத்துக் கொடுக்க ஒருத்தனிடமும் வழியில்லை. நீளமான நடைபாதையில் அவர் ஷூ சத்தம் டக் டக்கென்று கேட்கிறதே, காட்சி மாறியும் அது நிற்காது. அப்பா!

‘கெட் கார்ட்டர்’ (1971), ‘தி பிக் ஹீட்’ (1953) பார்த்தாயிற்று. பின்னதில் கொதிக்கும் காபியைப் பெண் முகத்தில் வீசுவதும் இதே மார்வின்தான், பாவி!

இதே வறட்சியோடு, 1980க்கு முந்தையதாக, ஹீரோ பறந்து அடிக்காத படம் வேண்டும். ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி எதுவானாலும் சரி. அப்புறம், மூல நாவல் ‘தி ஹன்டர்’ படித்தவர்கள் இருக்கிறீர்களா? படம் பார்த்த பிறகும் படிக்கலாமா? முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.