குஞ்சுக் கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பிராய்லர் குஞ்சுப் பொரிப்பகத்தில் கணக்கு பார்க்கிறேன். 3 மாதமாகப் பொரிந்த எண்ணிக்கையும் பண்ணையில் இறங்கிய எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை, ஒவ்வொரு தடவையும் 300, 400 இடிக்கிறது. முட்டை 18 நாள் செட்டரில் (அடைகாக்கும் இயந்திரம்), கடைசி 3 நாள் ஹேச்சரில் (குஞ்சு பொரியும் இயந்திரம்). அங்கே மாற்றும்போதே 2 தாய்க்கோழி மந்தை முட்டைகள் ஒரே டிராலியில் கலந்துவிடுகின்றன. பெட்டிக்கு 100 குஞ்சு, மேலே 2 சேர்த்துப் போடுகிறோம், அந்த 2ஐச் சிலர் எழுதுகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். எக்செல்லில் தனித்தனி ஷீட் போட்டேன். கலர் ஸ்டிக்கரும் ஒட்டிப் பார்த்தேன், பெட்டி கழுவிய ஈரத்தில் உரிந்துவிட்டது. போன வாரம் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போன லோடில் முதல் வாரமே சாவு அதிகம், எந்த மந்தைக் குஞ்சு என்று பண்ணைக்காரர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் மனசை அறுக்கிறது. செட்டரிலிருந்து பண்ணை ஷெட் வரை மந்தை எண் தவறாமல் போய்ச்சேர நீங்கள் எப்படிப் பதிவு வைக்கிறீர்கள்?